கயத்தாற்றுப் புளியமரமும் தணிகை மலையும்

மேலே "அரோகரா" முழக்கம். கீழே கட்டபொம்மன் கர்ச்சனை!

திருத்தணியில், டிசம்பர் 31-ஆம் நாள் இரவு இந்தக் காட்சியைக் கண்டோம். படித் திருவிழா. ஆண்டுக்கு நாள் 365, மலைக்குப் படியும் 365. ஒவ்வொரு படிக்கும் கற்பூரம், ஒவ்வொரு படிக்கும் பாட்டு. பல்லாயிரவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏறாத சிலர் மலையடிவாரத்துப் படிப்பகத்தின் முன்னே கூடியிருந்தோம். தறிக்காரர் சிலர், அரக்கோணம் ரயில்வே பணிமனைத் தோழர்கள் சிலர், ஆட்டோ ஓட்டும் இளைஞர்கள் சிலர். சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைக் காட்டினார்கள்.

இந்த நாளில் இந்தப் படமா என்று முகம் சுளித்தார் பக்தர் ஒருவர். பொருத்தமான நாள்தான் என்றோம் நாம். படித் திருவிழா எப்படிப் பிறந்தது என்று ஊர்ப் பெரியவர்களையே கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் ஆங்கிலப் புத்தாண்டு பிறந்தால் போதும். மாலையும் எலுமிச்சம்பழமும் ஏந்திக்கொண்டு, துரை பங்களா வாசலிலே வரிசை கட்டி நின்றார்கள் நம்மவர்கள். உத்தியோகத்திலே இருந்தவனும் நின்றான், உத்தியோகம் வேண்டியவனும் நின்றான். அதைக் கண்டு மனம் கொதித்த வள்ளிமலைச் சுவாமிகள், "அந்தத் துரையிடம் ஏன் போகிறீர்கள்? தணிகைத் துரையிடம் வாருங்கள்" என்ற கருத்திலே படி ஏறும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார் என்பது வரலாறு. துரையை விட்டு மலைக்குப் போகச் சொன்னார் அவர். துரையும் வேண்டாம், மலையும் வேண்டாம், மனிதனைப் பார் என்று சொல்ல வந்தவர்கள் நாம். வழி வேறு. ஆனால் துரையின் வாசலிலே நிற்காதே என்று சொன்ன அந்தத் துணிவு இருக்கிறதே, அதற்கு ஒரு வணக்கம் போடத் தயங்கமாட்டோம். துரை வாசலிலே நிற்கவைக்கப்பட்டு, நிற்கமுடியாது என்று வாளை உருவிய ஒருவனின் கதையைத்தானே அன்று சுவரிலே பார்த்துக்கொண்டிருந்தோம்!

படம் வெளிவந்தது 1959 மே மாதத்தில். எடுத்தவர் பி. ஆர். பந்துலு. உரையாடல் சக்தி கிருஷ்ணசாமி. இசை ஜி. ராமநாதன். கட்டபொம்மனாக சிவாஜி கணேசன், வெள்ளையத்தேவனாக ஜெமினி கணேசன், வெள்ளையம்மாளாக பத்மினி, ஜக்கம்மாவாக எஸ். வரலட்சுமி. 2015-இல் புது மெருகிட்டு மறுபடியும் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள். அப்போதும் கூட்டம் வந்தது. இவையெல்லாம் நம் தோழர்களுக்கு மனப்பாடம். நாம் சொல்ல வந்தது வேறு.

எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் நம் பக்கத்திலே அமர்ந்திருந்தார். தறியிலே தேய்ந்த விரல்கள். வீட்டிலே பேசுவது தெலுங்கு. ஜாக்சன் துரை முன்னே கட்டபொம்மன் முழங்கும் கட்டம் வந்தது. பெரியவரின் உதடுகள் அசைந்தன. சிவாஜிக்கு அரை நொடி முன்னதாகவே வசனம் அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது, ஓர் எழுத்துப் பிசகாமல்!

"எங்கேயா மனப்பாடம் பண்ணினீங்க?" என்று கேட்டோம்.

"அரக்கோணத்துக் கொட்டாயில தம்பி. பதினஞ்சு வயசு எனக்கு. ரயிலுக்குக் காசு இல்ல. தண்டவாளத்து ஓரமாவே நடந்து போய்ப் பார்த்தோம். அப்ப நாங்க ஆந்திராக்காரங்க. அரக்கோணம் மெட்ராஸ் ராஜ்யம். படம் பார்க்கத் தமிழ்நாட்டுக்குப் போயிட்டு, ராத்திரி ஆந்திராவுக்குத் திரும்பி வருவோம்!"

சிரித்தோம். ஆனால் சிரித்து முடித்த பிறகு எண்ணிப் பார்த்தோம், தோழர்களே. என்ன சொல்லிவிட்டார் பெரியவர்! கட்டபொம்மன் திரையிலே முழங்கிய அந்த 1959 மே மாதத்தில், திருத்தணி தமிழ்நாட்டிலே இல்லை. ஆந்திரப் பிரதேசத்திலே இருந்தது.

இளைய தோழர்கள் பலர் இதை அறியமாட்டார்கள். 1952 டிசம்பர் 15-இல் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணா நோன்பிருந்து சென்னையிலே உயிர் நீத்தார். தெலுங்கு மக்களின் உரிமைக்காக மாண்டவர் அவர். அவரை நாம் குறை சொல்லமாட்டோம். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. பிறந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போயிற்று. அந்த மாவட்டத்தோடு சேர்த்துத் திருத்தணியும் போயிற்று! ஊரிலே பேசுகிற மொழி என்ன, சந்தையிலே கேட்கிற மொழி என்ன என்று பார்க்கவில்லை. மாவட்டத்தை மூட்டை கட்டித் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

சீறி எழுந்தது வடக்கெல்லை. மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் ஊர் ஊராக நடந்து உணர்வூட்டினார். வழக்கறிஞர் கே. விநாயகம் முன் நின்றார். தமிழரசுக் கழகத் தலைவர் ம. பொ. சிவஞானம் சென்னையிலிருந்து வந்து போருக்குத் தலைமை தாங்கினார். மறியல், கைது, சிறை. கோவிந்தசாமி, பழனிமாணிக்கம் என்ற இருவர் உயிரையே கொடுத்தார்கள். பிறகு பட்டாஸ்கர் நடுவராக அமர்ந்தார். பேச்சு நடந்தது, கணக்குப் பார்த்தார்கள், 1959-இல் நாடாளுமன்றத்திலே சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி தாயகம் திரும்பிற்று. மாற்றாக சத்தியவேடு வட்டாரம் அந்தப் பக்கம் போயிற்று. சித்தூரும் திருப்பதியும் காளத்தியும் வரவே இல்லை.

"ஏப்ரல் ஒண்ணாம் தேதி, தமிழ்நாட்டுல சேர்ந்தாச்சுன்னு சொன்னாங்க. முட்டாளாக்குறாங்கன்னு எங்கப்பா நம்பவே இல்ல!" என்றார் பெரியவர்.

இனித்தான் நாம் வியந்த செய்தி. படத்தின் பெயர்ப் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். கட்டபொம்மன் வரலாற்றைத் திரட்டித் தந்த ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவர் யார்? அதே ம. பொ. சிவஞானம்! கட்டபொம்மனைப் பற்றி நூல் எழுதியவர், ஊர்தோறும் பேசியவர், கும்மிப் பாட்டிலும் கூத்திலும் மட்டுமே உயிரோடிருந்த அந்தப் பெயரைப் படித்தவர் காதுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒரு கையிலே பாஞ்சாலங்குறிச்சி, மறு கையிலே திருத்தணி! தெற்கே போன வீரனை மீட்டார். வடக்கே போன ஊரையும் மீட்டார்.

ம. பொ. சி.யை இப்படிப் பாராட்டுகிறோமே என்று மூத்த தோழர்கள் புருவம் உயர்த்தலாம். நாம் மறந்துவிடவில்லை. நம் இயக்கத்தை எதிர்த்து அவர் மாநாடு கூட்டியதும் தெரியும், நாம் அவரைத் தாக்கி எழுதியதும் தெரியும். 1953 ஜூலையிலே கழகம் மும்முனைப் போரிலே இறங்கி, டால்மியாபுரத்துத் தண்டவாளத்திலே தலை வைத்துக்கொண்டிருந்தபோது, எல்லைப் போரின் பெரும் பாரத்தைச் சுமந்தவர் அவரே. அதை ஒப்புக்கொள்வதால் நம் கொடியின் கறுப்பும் வெளுக்காது, சிவப்பும் வெளுக்காது. 1967-இல் அவர் அண்ணாவோடு கை கோத்தார். தியாகராய நகரிலே வென்று சட்டமன்றம் வந்தார். அவ்வாண்டு ஜூலை 18-இல் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் நிறைவேறியபோது உடனிருந்து களித்தார். 1969 பொங்கல் நாளிலே அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது. திருத்தணிக்குக் கிடைத்த பெயர்ப் பலகையும் அதுதான்.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. குறும்புக்காரர்கள் அடிக்கடி இழுத்துப் பார்க்கும் முடிச்சு. "தமிழன் எல்லைக்காகப் போராடியவர், தெலுங்கு வழிவந்த பாளையக்காரனையா தமிழ் வீரனாக்கினார்?" என்று கேட்கிறார்கள். இன்றைக்கும், கையடக்கத் திரையிலே, இனத் தூய்மை பேசும் சில தம்பிகள் இதையே கேட்கிறார்கள். கட்டபொம்மனின் குலத்தார் தெலுங்கு பேசியவர்கள்தான். யார் மறைத்தார்கள்? அவனுக்காக மாண்டவர்களோ தமிழ் பேசியவர்கள். அவனைப் பாடிய கும்மி தமிழ்க் கும்மி. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைச் சுவரைக் கட்டியவன் எந்த மொழியிலே பெருமூச்சு விட்டான் என்று பானர்மன் துரை கேட்டுவிட்டா பீரங்கியைத் திருப்பினான்?

படத்தை எடுத்தவர்களையே பாருங்கள். பந்துலு கோலார்ச் சீமையிலே பிறந்தவர். வரலட்சுமி ஆந்திரம். பத்மினி திருவிதாங்கூர். சிவாஜி தமிழகம். அந்நாளிலே நம் இயக்கம் மேடைதோறும் கேட்ட திராவிட நாடு, பத்மினி பிக்சர்ஸ் படப்பிடிப்பு அரங்கிலே அப்போதே அமைந்துவிட்டிருந்தது! 1963-இல் அந்தக் கோரிக்கையைக் கழகம் கைவிட்டது, திரைப்படக்காரர்கள் கைவிடவில்லை.

திருத்தணிக்காரனுக்கு இந்தக் கேள்வி வேடிக்கை அல்ல. இங்கே ஒரே தெருவிலே ஒரு வீட்டில் "சாப்பிட்டாச்சா", அடுத்த வீட்டில் "தின்னாவா". இந்த ஊரிலே 1888-இல் பிறந்த இராதாகிருஷ்ணன் வீட்டு மொழி தெலுங்கு; அவர் 1962-இல் குடியரசுத் தலைவரானபோது இரண்டு மொழிக்காரரும் சேர்ந்தே இனிப்பு வழங்கினார்கள். ஊர் தமிழ்நாட்டுக்கு வரவேண்டும் என்று போராடியதன் பொருள், தெலுங்கு பேசுகிறவன் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்பதல்ல. நம் பக்கத்திலே அமர்ந்து சிவாஜியை முந்திக்கொண்டிருந்த பெரியவரை எந்தப் பக்கத்து எல்லையிலே நிறுத்துவார்கள், அந்தத் தூய்மைத் தம்பிகள்?

சிவாஜியைப் பற்றியும் ஒரு சொல். கணேசனுக்கு 'சிவாஜி' என்ற பட்டத்தைத் தந்தவர் பெரியார். அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்திலே நடித்ததற்காக 1946-இல் தந்தார். கலைஞரின் உரையாடலோடு 1952-இல் 'பராசக்தி'யிலே திரைக்கு வந்தார். பிறகு திருப்பதிக்குப் போனார் என்பதற்காக, நம் தோழர்கள் அவரைத் தெருத்தெருவாகக் கேலி செய்தார்கள். இங்கிருந்து ரயிலேறினால் எட்டிப் பிடிக்கும் தூரத்திலே இருக்கிறது அந்தத் திருப்பதி. ஒரு கலைஞனை இழக்க அவ்வளவு அவசரம் தேவையில்லை என்றே இன்று நமக்குத் தோன்றுகிறது. அவர் காமராசர் பக்கம் போனார். போனாலும், 'பராசக்தி' நீதிமன்றத்திலே பழகிய அந்தக் குரல்தானே ஜாக்சனின் முன்னிலையிலும் முழங்கிற்று? அடுக்குமொழி நம்முடையது. மூச்சை இழுத்து, நிறுத்தி, வீசும் வித்தை நம் மேடையிலே விளைந்தது. பயிர் நம்முடையது, அறுவடை வேறு களத்திலே!

அந்தக் கட்டத்துக்கு வருவோம். வரி கேட்கிறான் வெள்ளையன். எங்கள் வயலிலே நீ என்ன வேலை செய்தாய், எதற்கு உனக்குப் பங்கு என்று கேட்கிறான் கட்டபொம்மன். கொட்டகை அதிர்கிறது. வரலாற்று ஏடு இவ்வளவு நேராக இல்லை. 1798-இல் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை ஊர் ஊராக அலைக்கழித்தான். இங்கே வா என்பான், வந்தால் பார்க்கமாட்டான். அங்கே வா என்பான். செப்டம்பர் 10-இல் இராமநாதபுரத்திலே சந்திப்பு. கணக்கைப் பார்த்தால் பாக்கியின் பெரும்பகுதி கட்டப்பட்டிருந்தது! ஆனாலும் நிற்கவைத்தான், சிறைப்பிடிக்க முயன்றான். கைகலப்பு மூண்டது, கிளார்க் என்ற லெப்டினன்ட் மாண்டான், கட்டபொம்மன் தப்பினான், அவனுடைய செயலாளர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிறகு கும்பினியாரே விசாரணை வைத்து ஜாக்சனை நீக்கிவிட்டு, லஷிங்டனை அனுப்பினார்கள். அதிகாரி மாறினான், ஆணவம் மாறவில்லை. 1799 செப்டம்பர் 5-இல் பானர்மனின் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிற்று. அக்டோபரிலே கயத்தாற்றிலே, புளியமரத்திலே, தூக்கு.

ஆக, 'வரியே தரமாட்டேன்' என்றவன் அல்லன் அவன். கணக்கை நேர்மையாகப் பார், என்னைக் கொத்தடிமையாக நடத்தாதே என்றவன். திரைக் கட்டபொம்மனைவிட இந்தக் கட்டபொம்மன் நமக்கு இன்னும் நெருங்கியவனாகப் படுகிறான். ஏனென்றால் நாமும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறோம்! 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குமான வரிப் பகிர்விலே, மாநிலங்களுக்குரிய தொகையில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 4.079 விழுக்காடு. தறி ஓட்டுகிறவனும், லாரி ஓட்டுகிறவனும், தீப்பெட்டி ஒட்டுகிறவளும் கட்டும் வரிக்குக் கணக்குக் கேட்டால், டில்லியிலே சிலருக்கு அது கலகமாகத் தெரிகிறது. கணக்குக் கேட்பது கலகமல்ல என்று 1798-லேயே ஒருவன் சொல்லிவிட்டான்.

படத்தைப் பாராட்டிவிட்டு மட்டும் எழுந்துவிடுவதாக இல்லை. சுந்தரலிங்கம் என்ற மாவீரன் கட்டபொம்மனின் படையிலே இருந்தான். உழவர் குடியிலே, ஒடுக்கப்பட்ட குலத்திலே பிறந்தவன். தென்பாண்டிச் சீமை இன்றும் அவன் பெயரைச் சொல்லி நிமிர்கிறது. அரண்மனைக்கும் ஊர்வலத்துக்கும் காளையடக்கும் காதலுக்கும் அள்ளித் தந்த அடிகளிலே, அவனுக்கு இன்னும் நூறு அடி தந்திருக்கலாம் படமெடுத்தோர். தரவில்லை.

சினிமாக்காரனைக் குறை சொல்வது எளிது. நாம் என்ன செய்தோம்? 1997-இல், கலைஞர் ஆட்சியிலே, தெற்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டினோம். அந்தப் பெயர் எழுதிய பேருந்திலே ஏறமாட்டோம் என்றார்கள் சிலர்! கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின. கடைசியிலே அரசு, எல்லாத் தலைவர்களின் பெயர்களையுமே மாவட்டங்களிலிருந்தும் பேருந்துகளிலிருந்தும் எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்ற பெயரும் அதோடு போயிற்று. வெள்ளையன் தூக்கிலே போட்டான். அவன் பெயரைப் பலகையிலிருந்து இறக்கியது நம்மிடையே ஊறிக் கிடக்கும் சாதி! பாஞ்சாலங்குறிச்சியிலே 1974-இல் கலைஞர் கட்டிய நினைவுக் கோட்டை நிற்கிறது, பெருமைதான். பேருந்திலே தோற்றதையும் சேர்த்து எழுதாவிட்டால் நாம் எதற்குப் பேனா பிடித்தோம்?

எட்டப்பன் கதையும் இப்படித்தான். ஒருவனைக் காட்டிக்கொடுப்பவன் என்று வைய வேண்டுமானால், தமிழ்நாடு முழுவதும் இன்று அந்தப் பெயர்தான். கட்டபொம்மனைத் தன் காட்டிலே பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான் என்பதோ பலருக்குத் தெரியாது. கும்பினிக்குத் துணைபோன கூட்டம் பெரிது. வசவு மட்டும் ஒருவர் தலையிலே விழுந்தது. அந்த எட்டயபுரத்திலேதான் 1882-இல் பாரதி பிறந்தான். கட்டபொம்மனையே கொள்ளைக்காரன் என்று நூல் எழுதினார் தமிழ்வாணன்; அதையும் பொறுத்துக்கொண்டது தமிழ்நாடு. வாதம் நடக்கட்டும், நல்லதுதான்.

படம் முதலிலே திரையிடப்பட்ட இடம் எது தெரியுமோ? இலண்டன்! 1959 மே 10. தூக்குக் கயிறு திரித்தவனின் தலைநகரிலே, தூக்கிலே தொங்கியவனின் முழக்கம். 1857-இல் மீரட்டிலே சிப்பாய்கள் எழுந்ததும் ஒரு மே 10-இல்தான். அடுத்த ஆண்டு கெய்ரோவிலே நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவிலே சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு, ராமநாதனுக்குச் சிறந்த இசைக்கான பரிசு. தமிழ் ஒரு சொல் அறியாதவர்கள் எப்படி மதிப்பிட்டார்கள்? 1956-இல் சூயஸ் கால்வாயை நாசர் நாட்டுடைமையாக்கினார். பிரிட்டன் குண்டு வீசிற்று. நான்கே ஆண்டு கழித்து அந்த மக்களுக்கு ஜாக்சன் துரையை யாரும் மொழிபெயர்த்துக் காட்டவேண்டிய தேவை இருக்கவில்லை.

வெள்ளைக்காரர்களும் தம் போர்க்காலத் தலைவனைப் படமெடுக்கிறார்கள். 2017-இல் சர்ச்சிலைப் பற்றி 'டார்க்கெஸ்ட் அவர்' வந்தது. கேரி ஓல்ட்மனுக்கு ஆஸ்கார் கிடைத்தது. நன்றாகத்தான் நடித்திருக்கிறார். கதையை 1940 மே மாதத்தோடு முடித்துக்கொண்டார்கள். 1943 வரை வந்திருந்தால் வங்காளத்துப் பஞ்சத்தைக் காட்டவேண்டியிருக்கும். சுமார் 30 இலட்சம் பேர் மாண்ட பஞ்சம். மாண்டவர்கள் சர்ச்சிலின் ஆட்சிக் குடிகள். சாமர்த்தியமாக முன்னதாகவே திரையை இறக்கிவிட்டார்கள்!

நம் சுவரிலே திரை இறங்கியபோது மணி பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. மலையிலே வெடி வெடித்தார்கள். புத்தாண்டு. இளைஞர்கள் கை குலுக்கினார்கள். பெரியவர் மட்டும் வேட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கட்டபொம்மனுக்குப் படம் எடுத்தாங்க. கயத்தாத்துல சிவாஜி சிலை வெச்சாரு. எங்க சண்டைக்கு எவன் எடுத்தான் தம்பி? கோவிந்தசாமியும் பழனிமாணிக்கமும் யாருன்னு இந்தப் பசங்கள்ல ஒருத்தனைக் கேளு."

கேட்டோம். ஆட்டோத் தோழர்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிலே ஒருவர், பழனிமாணிக்கம் என்பது பேருந்து நிலையத்துக் கடையா என்று கேட்டார். பெரியவர் கோபிக்கவில்லை. "சுவத்துல எழுதி வை. படம் அப்புறம் எடுக்கலாம்" என்றார்.

விடிந்ததும் படிப்பகத்தின் தெற்குச் சுவருக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. எழுத்துக்குக் கறுப்பும் சிவப்பும் வாங்கிவர ஆள் போனார். எழுத்து தமிழில் மட்டுமா, தெலுங்கிலும் சேர்த்தா என்று இரண்டு தோழர்களுக்குள் சூடான வாதம். நாம் ரயிலேறும்வரை அது முடியவில்லை.